வணிகரைத் தொட்டால் தீட்டா?

தன்னார்வலர்கள் கூடிச் செய்த மென்பொருளை வணிக நிறுவனம் ஒன்று எடுத்து விற்கலாமா, விற்பவரோடு அத்தன்னார்வலர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா என்னும் வாதம் தமிழ்க் கணிமை வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. கணிப்பொறிக்காரர்களின் உள்வீட்டுச் சண்டை என்று இலக்கிய வாசகர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கக் கூடாது. நீங்கள் வாசிக்கும் சிற்றிதழ் எந்த மென்பொருளில் பக்கம் கட்டப்படுகிறது, அதன் பழைய இதழ்களின் கோப்புகள் இன்னும் பத்தாண்டு கழித்துத் திறக்குமா, உங்கள் கதையை எந்த எழுத்துருவில், எந்த விசைப்பலகையில் தட்டுகிறீர்கள் என்பனவெல்லாம் இந்தச் சண்டையோடு பிணைந்தவை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது மட்டுமன்று, செய்துகொண்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. வணிகர் வாடையே கூடாது என்று விலகி நிற்பவர்கள் தங்கள் கைச்சுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அதற்கான விலையைத் தமிழ் கொடுக்கிறது. எந்த நிபந்தனைகளின் பேரில் ஒப்பந்தம் என்பதுதான் நாம் பேசியிருக்க வேண்டிய செய்தி. அதைத்தான் நம்மவர்கள் பேசுவதே இல்லை.

எதிர்க்கட்சியினர் சொல்வது மூன்று. ஒன்று, கொடையாகக் கொடுத்ததை விலைக்கு விற்பது கொடையின் தன்மையையே கெடுக்கும். இரண்டு, ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து மொழிபெயர்த்ததை வைத்து மற்றொருவர் காசு பண்ணுவது உழைப்புத் திருட்டு. மூன்று, பெரிய நிறுவனத்தோடு சேர்ந்த சிறிய குழு கடைசியில் விழுங்கப்படும். இவற்றுள் முதலாவது வெறும் சொற்குழப்பம். இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் தளையில்லாததற்கும் ஒரே சொல்தான். ஆகவே, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்த பிறகு, தாம் பேசுவது உரிமையைப் பற்றி, விலையைப் பற்றி அன்று என்று ஓயாமல் விளக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழகானதொரு சொல்லை ஆக்கிக்கொண்ட பிறகும் நம்மில் பலர் மனத்துக்குள் அதை ‘இலவச மென்பொருள்’ என்றே பெயர்த்துப் புரிந்துகொள்வதுதான் வியப்பு. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், அதன் மூல நிரலைப் படித்து மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம், மாற்றியதையும் வழங்கலாம் என்ற நான்கு உரிமைகளே கட்டற்ற தன்மை. விற்பதும் வழங்குவதில் அடங்கும். விற்பனையைத் தடுக்கும் உரிமம் அவ்வரையறையின்படியே கட்டற்ற உரிமம் ஆகாது. குனு பொது உரிமம் விற்பவர்மீது வைக்கும் முதன்மையான சுமை, வாங்குபவருக்கு மூல நிரலும் அதே உரிமைகளும் சேர வேண்டும் என்பது. ஸ்டால்மனே 1985 வாக்கில் ஈமாக்ஸ் என்ற தம் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்று வயிறு வளர்த்தவர்தாம். இயக்கத்தின் மூலவரே கடை விரித்திருக்க, அடியார்கள் கடையைக் கண்டு முகம் சுளிப்பது என்ன நியாயம்?

இந்தச் சொல் வேறுபாட்டை நம் ஊர்ச் சான்றுகள் இரண்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தமிழில் வலைப்பதிவு எழுதியவர்கள் பலர் அறிந்த என்.எச்.எம். ரைட்டர் என்னும் தட்டச்சுக் கருவியை வழங்கியது ஒரு வணிக நிறுவனம். கிழக்கு பதிப்பகத்தை நடத்திய நியூ ஹொரைசன் மீடியா அது. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையில் எல்டாம்ஸ் சாலையிலிருந்து ஒரு காலத்தில் இயங்கியது. அக்கருவிக்கு விலையில்லை, பயனும் மிகுதி. ஆயின் அது இலவச மென்பொருளே அன்றிக் கட்டற்ற மென்பொருள் அன்று. லினக்ஸ் கணினிகளில் பல ஆண்டுகளாகத் தமிழைக் காட்டிவரும் லோகித் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 2004இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது ரெட் ஹேட் என்ற பெருவணிக நிறுவனம். இரண்டுமே வணிகர் கொடுத்தவை. ஒன்றைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. மற்றொன்றை எவரும் திருத்தலாம், பெயர்த்து வேறோர் எழுத்துருவாக்கலாம். ஆக, பார்க்க வேண்டியது கொடுத்தவர் வணிகரா தன்னார்வலரா என்பதையன்று, உரிமத்தை. வணிகத்தைத் தீண்ட மாட்டேன் என்று லினக்ஸில் அமர்ந்து அறிக்கை எழுதிய நண்பர்களுள் எத்தனை பேர் அவ்வறிக்கையை லோகித்தில் எழுதினார்களோ, அறியேன்.

கட்டற்ற மென்பொருள் இந்நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் இணையம் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில் லினக்ஸைப் பதிவிறக்குவது நடவாத காரியம். 1990களின் பிற்பாதியில் பிசி குவெஸ்ட் இதழ் தன் வாசகருக்குக் குறுந்தகட்டில் லினக்ஸைச் சேர்த்துக் கொடுத்தது. 2003 முதல் லினக்ஸ் ஃபார் யூ இதழ் அப்பணியைத் தொடர்ந்தது. இரண்டும் விளம்பரம் வாங்கி, விலை வைத்து விற்கப்பட்ட வணிக இதழ்கள். உபுண்டுவின் குறுந்தகடுகளைக் கேட்டவர்க்கெல்லாம் அஞ்சலில் அனுப்பியதும் கனோனிக்கல் என்ற நிறுவனமே. 2011இல் அச்சேவை நிறுத்தப்படும்வரை தபால் செலவுகூட நம்முடையது அன்று. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் தொண்டு பெரிது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடையாற்றுக்குப் பேருந்தேறி வர முடியாத ஊர்ப் பையனுக்கு லினக்ஸை முதலில் காட்டியது பெட்டிக்கடையில் தொங்கிய அந்த இதழ்தான்.

வணிகரும் எழுத்தும் ஒட்டாதவை என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் மரபில் அப்படி இல்லை. மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். தானியம் விற்ற கை அது. மயிலாப்பூரில் வழங்கும் கதையில் வள்ளுவருக்குத் துணை நின்ற ஏலேலசிங்கன் கப்பல் வணிகன். கதை கதையாகவே இருக்கட்டும், நெசவாளிப் புலவனையும் கடல் வணிகனையும் நண்பர்களாக்கிப் பார்க்க நம் முன்னோருக்குக் கூச்சம் இல்லை என்பதையாவது அது காட்டுகிறது. குறளும் வணிகரை விலக்கவில்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் அவர்களுக்கு நிபந்தனை வைக்கிறது. அந்நிபந்தனையே என் கட்டுரையின் சாரமும்.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. பாரதியின் படைப்புகள் நாட்டுடைமையான வரலாறு இவ்வாசகர்களுக்குத் தெரியும். ஒலிபரப்பு உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது, அவர் அதை விட்டுக்கொடுத்தார், 1949இல் அரசு உரிமைகளை வாங்கியது, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. பொதுவானபின் என்ன நடந்தது? வணிகர் போய்விட்டாரா? இல்லை. ஒரு வணிகர் கையில் இருந்தது பல வணிகர் கைக்குப் போயிற்று. பதிப்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு அச்சிட்டார்கள்; மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, பிழை மலிந்த பதிப்பு, ஆய்வுப் பதிப்பு எல்லாம் வந்தன. பாரதி வீட்டுக்கு வீடு போனது அப்படித்தான். பொதுவுடைமையான பண்டம் பரவ வணிகர் பலர் வேண்டும். கெடுதி விளைவிப்பது தனியுரிமை கொண்டாடும் ஒற்றை வணிகர். கட்டற்ற உரிமம் செய்வதும் இதுவே.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். உழைப்புத் திருட்டு என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது என்றேன். அந்தப் பாதி, காசைப் பற்றியது என்பதைவிடப் பெயரைப் பற்றியது. மென்பொருளின் இடைமுகத்தை மொழிபெயர்ப்பவர்கள் வேலை செய்யும் கோப்பின் தலைப்பில், கடைசியாக மொழிபெயர்த்தவர் யார், எந்தக் குழு என்று எழுத இடம் இருக்கிறது. பல நிரல்களில் ‘இதைப் பற்றி’ என்னும் பெட்டியைத் திறந்தால் மொழிபெயர்த்தவர் பெயர் வரவும் வழி செய்திருக்கிறார்கள். மதுரைத் திட்டத்தாரும் 1998 முதல் தம் மின்னூல்களின் முகப்பில் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை இட்டு, அம்முகப்பைச் சிதைக்காமல் எவரும் வழங்கலாம் என்றே அனுமதித்தார்கள். அவர்கள் கேட்ட கூலி அவ்வளவுதான். அம்முகப்பைக் கத்தரித்துவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்து அட்டை போட்டு விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். மொழிபெயர்ப்பாளன் பெயரை அட்டையில் போடாத நம் பதிப்புலகப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. இதைக் கண்டித்தே ஆக வேண்டும். ஆனால் இங்கே நடந்த குற்றம் விற்றது அன்று, பெயரை அழித்தது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில்தான் பெயர் எளிதில் அழிகிறது. ஒப்பந்தமே கூடாது என்பவர்கள் இந்தத் திருட்டுக்கு எதிராகக் கையில் ஒரு தாளும் இல்லாமல் நிற்கிறார்கள்.

காசும் பேச வேண்டியதுதான். தன்னார்வம் என்பது வற்றாத ஊற்று என்று நாம் நம்புகிறோம். வேலை மாறினால், குழந்தை பிறந்தால், பெற்றோர் நோயுற்றால் அந்த ஊற்று நின்றுவிடுகிறது. ஒருவர் விலகியதும் ஒரு மொழிபெயர்ப்பே பல ஆண்டு தேங்கிப்போவது இத்துறையில் அன்றாடச் செய்தி. ஓவியம் வரைவதற்கான கிரிட்டா என்ற கட்டற்ற மென்பொருளைச் செய்பவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அவர்கள் தளத்தில் அதை விலையின்றிப் பெறலாம். 2014 முதல் ஸ்டீம் கடையிலும், 2017 முதல் விண்டோஸ் கடையிலும் அதே மென்பொருள் விலைக்கு உண்டு. கடையில் வந்த பணம் நிரலாளர்களுக்குச் சம்பளமாகிறது. எவருடைய உரிமையும் குறையவில்லை. தமிழில் இப்படி ஒன்றை யாரேனும் செய்ய முனைந்தால் மறுநாளே ‘தமிழை விற்கிறான்’ என்ற கூக்குரல் எழும். தமிழை விற்காமல் காப்பாற்றியவர்கள் நிரலாளனுக்குக் கொடுத்தது என்ன? ஒரு பொன்னாடை, அதுவும் எப்போதாவது.

இனி, விலகி நின்றதால் நாம் இழந்ததற்கு என் துறையிலிருந்தே ஒரு சான்று. தியாகராய நகரில் தீனதயாளு தெரு, தணிகாசலம் சாலை என்று நடந்தால் தமிழ்ப் பதிப்புத் தொழிலின் ஒரு பகுதியைச் சுற்றி வந்துவிடலாம். தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் மிகப் பல ஆண்டுகள் பேஜ்மேக்கரில் கட்டப்பட்டன. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். அதற்குப் பின்பும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதோம். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிமுறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புதுமைப்பித்தன் பற்றிய கட்டுரையும் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். என் ஆய்வு மாணவர் ஒருவர் பழைய சிற்றிதழ்க் கோப்புகளைப் பெற்றுவந்து, எழுத்துரு கிடைக்காமல், அச்சுப் படியைப் பார்த்து முழுவதையும் மறுபடி தட்டச்சிட்டார். இருபது ஆண்டுத் தமிழ் எழுத்து இப்படி டி.டி.பி. கடைகளின் பழைய வன்வட்டுகளில் ஊமையாகக் கிடக்கிறது.

மாற்று இல்லாமலா போயிற்று? ஸ்க்ரைபஸ் என்ற கட்டற்ற பக்கமாக்க மென்பொருள் அந்த ஆண்டுகள் முழுவதும் இருந்தது. அதில் ஒரு குறை: கொம்பும் காலும் எழுத்தோடு சரியாகச் சேரும்படி தமிழைக் கோக்க அதற்குத் தெரியவில்லை. அந்தத் திறன் 2017இல் 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில்தான் வந்தது. நிலைத்த பதிப்பான 1.6 வெளிவர 2024 ஜனவரி ஆயிற்று. இதைச் சில ஆண்டுகள் முன்னதாகச் செய்து முடிக்க என்ன தேவைப்பட்டிருக்கும்? இரண்டு மூன்று நிரலாளர்களுக்கு ஓரிரு ஆண்டுச் சம்பளம். பதிப்பகங்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தால் அந்தத் தொகை பெரிதன்று. பதிப்பாளர்க்கு மென்பொருளின் தேவை இருந்தது. தன்னார்வலர்க்குத் திறமை இருந்தது. இருவரும் வாழ்ந்தது இதே நகரத்தில். பேருந்தில் அரைமணித் தொலைவு. ஆண்டுதோறும் புத்தகக் காட்சியில் தோள் உரசிக்கொண்டு நடந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் வரவுசெலவு பேசவில்லை. பதிப்பாளர் வெட்டி எடுத்த படி கிடைக்கிறதே என்றிருந்தார். தன்னார்வலர் வணிகரிடம் கையேந்துவதா என்றிருந்தார். நட்டம் நமக்கு.

மூன்றாவது வாதம், விழுங்கப்படுவது பற்றியது. இது கற்பனை அச்சம் அன்று. சென்ட் ஓஎஸ் என்ற தன்னார்வ வழங்கல் 2004இல் தோன்றியது. உலகெங்கும் சேவையகங்கள் அதை நம்பி ஓடின. 2014 ஜனவரியில் அத்திட்டம் ரெட் ஹேட்டோடு இணைந்தது. பெயரும் நிறுவனத்திடம் சென்றது. 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது: 2029 வரை பராமரிக்கப்படும் என்று பலரும் நம்பியிருந்த 8ஆம் பதிப்பு 2021 இறுதியோடு முடியும். லோகித்தைக் கொடுத்த அதே நிறுவனம்தான் இதையும் செய்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரே வணிகரிடம் இரண்டு ஒப்பந்தம், இரண்டு விளைவு. எழுத்துருவில் நமக்குக் கிடைத்தது உரிமம். சென்ட் ஓஎஸ்ஸில் அவர்களுக்குப் போனது பெயரும் ஆட்சியும். நிரல் கட்டற்றதாக இருந்ததால் ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று 2021இலேயே வேறு முளைகள் கிளம்பின. ஆனால் பெயர் திரும்பவில்லை.

ஓபன் ஆபீஸ் கதையும் அத்தகையதே. சன் நிறுவனம் 2000இல் அதன் நிரலைத் திறந்துவிட்டது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரெ ஓபிஸ் என்று வெளியேறினார்கள். தமிழ் இடைமுகம் அங்கேயும் தொடர்கிறது என்றால், உழைத்தவர்களின் மொழிபெயர்ப்புக்கு உரிமம் காவல் இருந்ததுதான் காரணம்.

கடைக்காரர் பண்டத்தில் கலப்படம் செய்வதும் உண்டு. படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை வழங்கிவந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தைவிட்டு அத்திட்டத்தார் 2013இல் வெளியேறினார்கள். 2015இல் அத்தளம் கைவிடப்பட்ட கணக்கைத் தானே எடுத்துக்கொண்டு, நிறுவியோடு விளம்பரச் சரக்கையும் சேர்த்து வழங்கியது. பதிவிறக்கியவர்கள் வசை பாடியது கிம்பை.

நம் எ-கலப்பையின் கதையில் பாடம் இன்னும் நுட்பமானது. தமிழா குழுவினர் வெளியிட்ட அதன் தொடக்கப் பதிப்புகள் ஆஸ்திரேலியாவின் டாவுல்ட்சாஃப்ட் நிறுவனத்து கீமேன் மேல் இயங்கின. கீமேன் அப்போது மூல நிரல் மூடிய வணிகச் சரக்கு. கலப்பை நம்முடையது, மாடு அடுத்த வீட்டுக்காரருடையது. அந்தக் கூட்டைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் ஒரு தலைமுறைத் தமிழ் வலைப்பதிவர்கள் எழுதத் தொடங்கியிருப்பார்களோ என்னவோ. ஆயினும் மாட்டுக்கு நோய் வந்தால் நாமே வைத்தியம் பார்க்க முடியாது. 3ஆம் பதிப்பில் அவர்கள் கீமேனை விட்டு விலகித் திறந்த மூல நிரலோடு சொந்தமாகச் செய்துகொண்டார்கள். கீமேனும் பின்னர் 2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பிடம் சென்று, 2017இல் அதன் மூல நிரலும் திறக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் நுழையும்போதே வெளியேறும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

இக்கதைகளைக் காட்டித்தான் ‘பார்த்தீரா, சேராதே’ என்கிறார்கள். எனக்குத் தோன்றும் முடிவு வேறு. இந்த நேர்வுகளில் காப்பாற்றப்பட்டது எதுவோ அது உரிமத்தால் காப்பாற்றப்பட்டது; பறிபோனது எதுவோ அது எழுதி வாங்காததால் அல்லது எழுதிக் கொடுத்துவிட்டதால் பறிபோனது. ஆகவே, எழுதி வாங்க வேண்டியவை நான்கு என்பேன்.

முதலாவது, தனியுரிமை எவருக்கும் கூடாது. இன்று ஒருவருக்குக் கொடுத்த அதே பண்டத்தை நாளை அவருடைய போட்டியாளருக்கும் கொடுக்கும் உரிமை நம்மிடமே இருக்க வேண்டும்; நம் தளத்தில் விலையின்றிக் கொடுக்கும் உரிமையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, பெயரும் இலச்சினையும் நம்முடையவை. வழங்குபவர் அவற்றைப் பயன்படுத்தலாம். பதிவு செய்துகொள்ளக் கூடாது. பண்டத்தில் வேறு சரக்கைச் சேர்த்தால் நம் பெயரை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, செய்தவர் பெயர்ப் பட்டியல் சிதையாமல் பயனர்க்குப் போய்ச் சேர வேண்டும். நிரலாளர் பெயர் மட்டுமன்று, மொழிபெயர்த்தவர், மெய்ப்புப் பார்த்தவர், எழுத்துரு வரைந்தவர் பெயர்களும்.

நான்காவது, வருவாயில் ஒரு பங்கு, அது எவ்வளவு சிறிதாயினும், திட்டத்தின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். கணக்கு பொதுவில் வெளியிடப்பட வேண்டும். உரிமம் இதைக் கட்டாயப்படுத்தாது. ஆகவேதான் ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன்.

இவற்றை ஏற்கும் வணிகரோடு சேரலாம். ஏற்காதவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வரலாம். உரிமம் அவரையும் விற்க அனுமதிக்கும், விற்றுக்கொள்ளட்டும், நம் பெயரில்லாமல்.

‘வணிகர் எதற்கு, அரசு இருக்கிறதே’ என்பவர்களுக்கு நந்தனத்தைச் சுட்டுவேன். அண்ணா சாலையில் அலுவலகம் கொண்ட எல்காட் நிறுவனம், உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006-08 காலத்தில், நோவெல் நிறுவனம் அப்போது விற்றுவந்த சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது. துணிச்சலான முயற்சி. அதிகாரி மாறினார், வேகமும் மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸும் இருந்தது; டெபியனை அடியொற்றிச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் வகுப்புகளுக்கு அம்மடிக்கணினியோடு வந்தவர்கள் பலர். அவர்களுள் பாஸைத் திறந்து வேலை செய்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். விண்டோஸ் பழுதானால் ரிச்சி தெருவில் நூறு பேர் இருக்கிறார்கள். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. பாஸ் பழுதானால் யாரிடம் போவது? அரசு குறுந்தகட்டையும் கணினியையும் கொடுக்கும். மாலை ஏழு மணிக்குக் கடை திறந்து உட்கார்ந்திருக்காது.

தமிழ்நாட்டில் மென்பொருளை மக்களுக்கு உண்மையில் வழங்குபவர் அந்தக் கடைக்காரர்தான். பெரிய நிறுவனங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்ட நம் தன்னார்வக் குழுக்கள் அவரை ஒருமுறையேனும் அழைத்துப் பேசியதுண்டா? அவரோ எவருக்கோ சொந்தமான விண்டோஸை உரிமமின்றி நிறுவி ஒரு தொகை வாங்குகிறார். அதே கூலிக்கு அவர் உரிமத்தோடு லினக்ஸை நிறுவலாம், தமிழ் விசைப்பலகையும் எழுத்துருவும் சேர்த்துக் கொடுக்கலாம், குற்றவுணர்வும் சோதனை அச்சமும் இல்லாமல். அவருக்குப் பயிற்சி கொடுப்பதும், நிறுவும் வட்டைச் சித்தம் செய்து கொடுப்பதும், ஒவ்வொரு நிறுவலுக்கும் பத்து ரூபாய் திட்டத்துக்குத் தரும்படி எழுதிக்கொள்வதும் தன்னார்வலர்கள் செய்யக்கூடிய காரியங்கள். வணிகக் கூட்டு என்றதும் அமெரிக்கப் பெருநிறுவனத்தை மட்டுமே நினைத்து நடுங்குபவர்கள் இந்த மனிதரை நினைக்க வேண்டும். இவர் நம்மை விழுங்கப்போவதில்லை.

பதிப்பாளர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் இன்று பயன்படுத்தும் ஒருங்குறி எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் குறிமாற்றிகளும் யாரோ சிலர் கூலியின்றிச் செய்தவை. அவர்களிடம் இலவசமாகக் கேட்பதை நிறுத்துங்கள். உங்கள் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி வேண்டும் என்றால், ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு தொகை வைத்து, கட்டற்ற உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு குழுவிடம் வேலை கொடுங்கள். போட்டியாளரும் பயன்படுத்துவாரே என்று அஞ்ச வேண்டாம். அவரும் பயன்படுத்தினால்தான் அக்கருவியைப் பராமரிக்க இன்னொருவர் பணம் கிடைக்கும்.

தன்னார்வலர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. அடுத்த புத்தகக் காட்சிக்குள் மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளைத் தமிழில் இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தமாக எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். சட்டம் படித்த நண்பர் ஒருவர் பார்த்துக் கொடுத்தால் போதும். அதை எடுத்துக்கொண்டு ஒரு பதிப்பகத்தின் படியேறுங்கள், ஒரு கடைக்காரரைப் பாருங்கள். கையெழுத்திட மறுப்பவர் யார் என்று அப்போது தெரியும். அவரைத் திட்ட நானும் வருகிறேன். அதுவரை, எழுதிக் கேட்காத ஒன்றை மறுத்துவிட்டார் என்று எந்த வணிகரையும் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.